கண் திறந்திருக்கிறது... ஆள் உள்ளே இருக்கிறாரா?

கூப்பிட்டால் திரும்புவதில்லை. கையைப் பிடி என்றால் பிடிப்பதில்லை. ஆனால் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தால், சொன்னதை மனதுக்குள் செய்துகொண்டிருக்கிறார்! மருத்துவ உலகைக் கலக்கிய இருபது வருட ஆராய்ச்சியின் கதை.

2005 ஜூலையில் இங்கிலாந்தில் ஒரு சாலை விபத்து. 23 வயதுப் பெண் ஒருவருக்குத் தலையில் பலத்த அடி. உயிர் தப்பியது, நினைவு திரும்பவில்லை. ஐந்து மாதம் கழித்தும் கண் விழிப்பார், தூங்குவார், அவ்வளவுதான். யார் பேசினாலும் பார்வை அந்தப் பக்கம் போகாது. விரலை அசைக்கச் சொன்னால் அசையாது. தன்னைப் பற்றியோ சுற்றியிருப்பவர்களைப் பற்றியோ உணர்வே இல்லாத நிலை என்று டாக்டர்கள் முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

அவரைக் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவன் என்ற நரம்பியல் விஞ்ஞானியின் குழு எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்தது. டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுங்கள் என்று அவரிடம் சொன்னார்கள். 30 நொடி கழித்து, போதும், ஓய்வெடுங்கள் என்றார்கள். மறுபடி டென்னிஸ், மறுபடி ஓய்வு. பிறகு வேறொரு வேலை: உங்கள் வீட்டுக்குள் ஒவ்வோர் அறையாக நடந்து போவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

டென்னிஸ் என்றபோது உடல் அசைவுகளைத் திட்டமிடுகிற மூளைப் பகுதி வேலை செய்தது. வீடு என்றபோது இடத்தையும் வழியையும் நினைவில் வைக்கிற பகுதி. ஓய்வு என்றதும் அடங்கியது. ஆரோக்கியமான 12 பேரிடம் இதே சோதனையைச் செய்து ஒப்பிட்டார்கள். அவர்கள் மூளைக்கும் இவர் மூளைக்கும் வித்தியாசம் காண முடியவில்லை. 2006 செப்டம்பரில் 'சயின்ஸ்' இதழில் ஒரே பக்கத்தில் வந்த இந்தக் கட்டுரை, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அதுவரை யாரும் சந்தேகப்படாத ஒரு நம்பிக்கையைச் சந்தேகிக்க வைத்தது. பதில் வரவில்லை என்பதால் ஆள் இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

முகம் பார்த்த மூளை

ஓவனின் தேடல் 1997லேயே தொடங்கிவிட்டது. மூளை அழற்சி நோயால் படுத்துவிட்ட 26 வயது ஆசிரியை ஒருவர். அவரைப் 'பெட்' ஸ்கேனில் வைத்து, அவருக்குப் பழக்கமானவர்களின் புகைப்படங்களைக் காட்டினார்கள். முகங்களை அடையாளம் காண்பதற்கென்றே மூளையில் ஒரு பகுதி இருக்கிறது. அது விழித்துக்கொண்டது. அந்த ஆசிரியை பின்னாளில் தேறி, தன் அனுபவத்தைச் சொல்லும் அளவுக்கு வந்தார்.

ஆனாலும் ஓவனின் மனதில் ஓர் உறுத்தல். முகத்தைப் பார்த்ததும் மூளை தானாகவே வேலை செய்யலாம். மயக்க மருந்து கொடுக்கப்பட்டவர்களின் காதருகே பேசினால்கூட, பேச்சைக் கேட்கிற பகுதி அசைந்துகொடுக்கிறது என்பதை அவர் சகா மேத்யூ டேவிஸ் 2007ல் காட்டினார். புலன் வழியே செய்தி உள்ளே போவது ஒன்று. அதை உணர்ந்து, வேண்டுமென்றே ஒன்றைச் செய்வது இன்னொன்று. இரண்டாவதைப் பிடித்தால்தான் உள்ளே ஒருவர் இருக்கிறார் என்று அடித்துச் சொல்ல முடியும்.

டென்னிஸ் அதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதுதான். ஆட்டத்தைக் கற்பனை செய்யக் கையை அசைக்க வேண்டியதில்லை. ஆனால் கவனம் வேண்டும், சொன்னது நினைவில் நிற்க வேண்டும், 30 நொடி விடாமல் செய்கிற மனஉறுதியும் வேண்டும். வீட்டைச் சுற்றி வருவது முற்றிலும் வேறு பகுதிகளை எழுப்புகிறது. அதனால் ஸ்கேனைப் பார்ப்பவருக்கு இரண்டையும் குழப்பிக்கொள்ளும் அபாயம் குறைவு.

எஃப்.எம்.ஆர்.ஐ. நேரடியாக எண்ணங்களைப் படிப்பதில்லை. வேலை நடக்கிற வயலுக்கு வாய்க்காலைத் திறந்துவிடுவதுபோல, சுறுசுறுப்பாக இயங்குகிற மூளைப் பகுதிக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. ஆக்சிஜன் ஏற்றிய ரத்தமும் ஆக்சிஜன் இழந்த ரத்தமும் காந்தப்புலத்தில் வேறுவேறு விதமாக நடந்துகொள்கின்றன. 1990ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவா கண்டறிந்த இந்த வேறுபாட்டைத்தான் கருவி அளக்கிறது. எண்ணம் எழுந்து ஐந்தாறு நொடி கழித்தே ரத்த ஓட்டம் உச்சத்துக்கு வரும்.

கட்டுரை வந்த வேகத்தில் எதிர்ப்பும் வந்தது. 'டென்னிஸ்' என்ற சொல்லைக் கேட்டதற்கே மூளை அனிச்சையாக அப்படி எதிர்வினை காட்டியிருக்கலாமே என்றார்கள் சிலர். ஒரு சொல்லால் எழும் சலனம் சில நொடிகளில் அடங்கிவிடும், இங்கே ஓய்வெடுக்கச் சொல்லும் வரை நீடித்தது என்பது ஓவன் தரப்பின் பதில்.

ஆம் என்றால் டென்னிஸ், இல்லை என்றால் வீடு

அடுத்த கட்டம் 2010ல் வந்தது. ஓவனும் பெல்ஜியத்தின் லியேஜ் நகரைச் சேர்ந்த ஸ்டீவன் லோரேயும் 54 நோயாளிகளைச் சோதித்து, 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து பேர் சொன்னபடி கற்பனை செய்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஐவரையும் படுக்கையருகே மறுபடி நிதானமாகச் சோதித்துப் பார்த்ததில், மூவரிடம் உணர்வின் அறிகுறி ஏதோ கொஞ்சம் தென்பட்டது. மற்ற இருவரிடம் வெளியே எதுவுமே தெரியவில்லை. ஸ்கேன் மட்டும்தான் அவர்களுக்குச் சாட்சி.

ஐவரில் ஒருவரிடம் கேள்வியே கேட்டுப் பார்த்தார்கள். விபத்துக்குப் பின் பல ஆண்டுகளாக அசைவற்றுக் கிடந்தவர். பதில் ஆம் என்றால் டென்னிஸை நினையுங்கள், இல்லை என்றால் வீட்டை நினையுங்கள் என்பது ஏற்பாடு. உங்கள் அப்பாவின் பெயர் இதுவா, அதுவா என்பதுபோல, சரியான பதிலை ஸ்கேன் எடுப்பவர்கள் முன்கூட்டி அறியாத ஆறு கேள்விகள். ஐந்துக்குச் சரியான பதில் வந்தது. ஆறாவது கேள்விக்குத் தவறான பதில்கூட வரவில்லை. அந்தப் பகுதிகளில் சலனமே இல்லை. தூங்கிவிட்டாரா, களைத்துப்போனாரா, பதில் சொல்ல விருப்பமில்லையா? கருவிக்கு அதைச் சொல்லத் தெரியாது.

2012 நவம்பரில் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான சோதனை இன்னும் ஆழமானது. ஓவன் அதற்குள் கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்தார். 12 ஆண்டுகளாகப் பேச்சு மூச்சற்றுக் கிடந்த ஒருவரிடம், உங்களுக்கு வலி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று மூளை பதில் சொன்னது. அந்தக் குடும்பமும் டாக்டர்களும் 12 ஆண்டுகளாக அனுமானத்தில் கவனித்துவந்த ஒரு விஷயத்துக்கு, நோயாளியே சொன்ன முதல் பதில் அது.

செத்த மீனும் பார்த்தது!

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. அமெரிக்காவில் கிரெய்க் பென்னெட் என்ற ஆய்வாளரும் சகாக்களும் ஒரு சால்மன் மீனை எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்தார்கள். மனிதர்கள் பேசிப் பழகும் புகைப்படங்களை அதற்குக் காட்டி, படத்தில் இருப்பவரின் உணர்ச்சி என்ன என்று கேட்டார்கள். மீனின் மூளையில் ஒரு புள்ளி 'வேலை செய்தது'. இதில் விசேஷம், அது கடையில் வாங்கிய செத்த மீன்.

ஒரு ஸ்கேன் மூளையை லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்கிறது. இத்தனை சோதனைகளில் சில தற்செயலாகவே 'ஆம்' என்று காட்டும். அதற்கான புள்ளியியல் திருத்தத்தைச் செய்தவுடன் மீனின் மூளையும் அடங்கிவிட்டது. திருத்தத்தைச் செய்யாமலே கட்டுரை எழுதுகிறவர்களுக்குக் கொடுத்த குட்டு இது. 2012ல் 'இக் நோபல்' பரிசும் கிடைத்தது.

ஓவன் குழுவும் விசாரணைக்குத் தப்பவில்லை. தலையில் மின்முனைகளை ஒட்டி எடுக்கிற இ.இ.ஜி. மூலம், 16 நோயாளிகளில் மூவர் ஆணைக்குக் கட்டுப்பட்டதாக 2011ல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த இன்னொரு குழு அதே தரவுகளை வாங்கி அலசி, புள்ளியியல் முறை சரியில்லை என்று 2013ல் அதே இதழில் மறுத்தது. ஓவன் குழு அதற்குப் பதில் எழுதியது. துறை இப்படிச் சண்டை போட்டுத்தான் தன் அளவுகோலைச் சரிசெய்துகொண்டது.

ஹிட்ச்காக் வைத்த பரீட்சை

ஆணையிட்டுச் செய்யச் சொல்வதில் ஒரு சங்கடம் உண்டு. மூளையில் அடிபட்டவருக்கு 30 நொடி கற்பனை என்பதே பெரிய பளு. அதற்கு மாற்றாக லொரீனா நாச்சியும் ஓவனும் 2014ல் ஓர் உத்தியைக் கொண்டுவந்தார்கள். சினிமா!

ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் 1961ல் தொலைக்காட்சிக்கு எடுத்த ஒரு கதை. மாமாவின் பெட்டியில் இருந்த நிஜத் துப்பாக்கியை, பொம்மை என்று நினைத்து எடுத்துக்கொண்டு ஒரு சிறுவன் ஊருக்குள் திரிகிறான். உள்ளே தோட்டா இருக்கிறது என்பது பார்க்கிற நமக்குத் தெரியும், எதிரே நிற்பவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் குறிபார்த்து 'டுமீல்' என்கிறான். எட்டு நிமிடமாகச் சுருக்கிய இந்தப் படத்தை ஆரோக்கியமானவர்கள் பார்த்தபோது, திட்டமிடுவதற்கும் ஊகிப்பதற்கும் உதவுகிற முன்மூளை, பக்கமூளைப் பகுதிகள் எல்லோருக்கும் ஒரே இடங்களில் ஏறி, ஒரே இடங்களில் இறங்கின.

இதைக் கவனிக்க வேண்டும். ஒளியும் ஒலியும் மட்டும் உள்ளே போனால் இந்த ஏற்ற இறக்கம் வராது. அது பொம்மை இல்லை, உள்ளே தோட்டா இருக்கிறது, எதிரே நிற்பவருக்கு அது தெரியாது என்ற மூன்றையும் சேர்த்துப் பிடித்தால்தான் வயிற்றைப் பிசையும். 16 ஆண்டுகளாக எந்த அசைவும் காட்டாத 34 வயது மனிதர் ஒருவருக்கு அதே படத்தைப் போட்டார்கள். அவர் மூளையும் மற்ற ரசிகர்களோடு சேர்ந்து அதே இடங்களில் ஏறி இறங்கியது. யாரும் அவரை எதுவும் செய்யச் சொல்லவில்லை. அவர் கதையைப் பின்தொடர்ந்திருந்தார்.

கோமா, மூளைச்சாவு... எது என்ன?

*கோமா:* கண் மூடியே இருக்கும். தட்டினாலும் எழுப்பினாலும் விழிப்பு வராது. பெரும்பாலும் சில வாரங்களுக்கு மேல் நீடிப்பதில்லை.

*வெஜிடேட்டிவ் ஸ்டேட்:* கண் திறக்கும், தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வரும், மூச்சு தானாக ஓடும். உணர்வின் அறிகுறி மட்டும் வெளியே தெரியாது. 1972ல் பிரையன் ஜென்னெட், ஃப்ரெட் ப்ளம் என்ற இரு டாக்டர்கள் வரையறுத்த நிலை.

*மிகக் குறைந்த உணர்வு நிலை:* சில நேரம் கண்ணால் தொடர்வார், சில நேரம் சொன்னதைச் செய்வார். வரும், போகும்.

*லாக்டு-இன்:* முழு நினைவு உண்டு. உடல் மட்டும் செயலிழந்திருக்கும். பெரும்பாலும் கண்ணசைவுதான் ஒரே பேச்சு.

*மூளைச்சாவு:* உறுப்பு தானச் செய்திகளில் நாம் படிப்பது. மூளைத்தண்டு உட்பட மூளையின் இயக்கம் முற்றாக நின்றுபோனது. சட்டப்படி மரணம். இந்தக் கட்டுரை பேசும் நோயாளிகளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நாலில் ஒருவர்

எல்லாம் தனி ஆட்களின் கதை, எத்தனை பேர் இப்படி இருப்பார்கள் என்ற கேள்விக்கு 2024 ஆகஸ்டில்தான் பெரிய அளவில் பதில் கிடைத்தது. அமெரிக்கா, ஐரோப்பாவின் ஆறு மையங்களில் 353 பேரை ஆராய்ந்த முடிவை யெலெனா போடியன், நிக்கோலஸ் ஷிஃப் உள்ளிட்டோர் வெளியிட்டார்கள். படுக்கையருகே சோதித்தபோது எந்த ஆணைக்கும் இணங்காதவர்கள் 241 பேர். அவர்களில் 60 பேர், அதாவது 25 சதவிகிதம், எஃப்.எம்.ஆர்.ஐ.யிலோ இ.இ.ஜி.யிலோ ஆணைக்கு இணங்கினார்கள். வயது குறைந்தவர்கள், தலையில் அடிபட்டவர்கள், அடிபட்டு நாளானவர்கள் இவர்களில் கூடுதலாக இருந்தார்கள்.

அதே ஆய்வில் தலைப்புச் செய்தியாகாத இன்னொரு எண் இருக்கிறது. எஞ்சிய 112 பேர், சொன்னதை வெளிப்படையாகச் செய்து காட்டக்கூடியவர்கள். உணர்வு இருப்பதில் சந்தேகமே இல்லை. அவர்களிலும் 43 பேர்தான் ஸ்கேன் பரீட்சையில் தேறினார்கள். நினைவோடு இருப்பவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோரைக் கருவி கோட்டைவிட்டது. கருவி 'ஆம்' என்றால் நம்பலாம். பேசாமல் இருந்தால் அதற்கு 'இல்லை' என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. நாலில் ஒருவர் என்பதுகூட இந்த மையங்களுக்கு வந்து சேர்ந்தவர்களின் கணக்குதான்.

சிகிச்சைக்கு இதனால் என்ன லாபம்? நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யான் கிளாசன் குழு, ஐ.சி.யூ.வில் இருந்த 104 பேருக்குச் சாதாரண இ.இ.ஜி. வைத்தே சோதித்து 2019ல் எழுதியது. கையைத் திறந்து மூடுங்கள் என்று சொன்னபோது 16 பேரின் மூளை மட்டும் இணங்கியது. ஓராண்டு கழித்துப் பார்த்ததில், அவர்களில் 44 சதவிகிதத்தினர் ஒரு நாளில் எட்டு மணி நேரமாவது தனியாகச் சமாளிக்கும் அளவுக்குத் தேறியிருந்தார்கள். மற்றவர்களில் அது 14 சதவிகிதம். முதல் வாரத்தில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிரிப்பதற்கு முன் யோசிக்க வைக்கிற கணக்கு இது.

ஒரு பெட்டி ஒயின் பந்தயம்

இத்தனைக்கும், உணர்வு என்பது மூளையில் எப்படி உருவாகிறது என்ற அடிப்படைக் கேள்விக்கு விடை இன்னும் வரவில்லை. 25 ஆண்டுகளுக்குள் மூளையில் உணர்வின் தடயத்தைக் கண்டுபிடித்துவிடுவோம் என்று நரம்பியலாளர் கிறிஸ்டாஃப் காக், தத்துவவாதி டேவிட் சால்மர்ஸிடம் 1998ல் பந்தயம் கட்டினார். 2023 ஜூனில் நியூயார்க்கில் நடந்த மாநாட்டில் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார்.

அந்தத் தோல்விக்கு ஒரு பின்னணி உண்டு. உணர்வு எழுவது மூளையின் பின்பகுதியில் என்கிறது ஒரு கோட்பாடு. செய்தியை மூளை முழுவதற்கும் முன்மூளை ஒலிபரப்பும்போது என்கிறது இன்னொன்று. இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி, எந்த முடிவு வந்தால் யார் கணிப்பு பொய் என்று முன்பே எழுதிவைத்துக்கொண்டு, 256 பேரிடம் சோதனை நடத்தினார்கள். அந்த மாநாட்டிலேயே அறிவிக்கப்பட்டு, 2025ல் 'நேச்சர்' இதழில் வந்த முடிவு இரண்டு கோட்பாடுகளையுமே இடித்துக் காட்டியது. படுக்கையருகே நிற்கிற டாக்டர் இந்த வழக்கு முடியும் வரை காத்திருக்க முடியாது. அதனால்தான் டென்னிஸ் சோதனை மாதிரி, கோட்பாடு எதுவானாலும் செல்லுபடியாகிற தடயத்துக்கு இவ்வளவு மதிப்பு.

முதலில் கண்ணாடியை எடுங்கள்

காலில் சிறகு கட்டிக்கொண்டு எஃப்.எம்.ஆர்.ஐ. தேடி ஓட வேண்டுமா? வேண்டாம். உணர்வற்றவர் என்று சொல்லப்பட்ட 44 பேரை, 'கோமா மீட்சி அளவுகோல்' என்ற முறையான சோதனையால் 2009ல் பெல்ஜியத்தில் மறுபடி பார்த்தார்கள். 18 பேருக்கு உணர்வு இருந்தது. ஸ்கேன் கிடையாது, ஊசி கிடையாது. ஒலி, பார்வை, அசைவு என்று வரிசையாகச் சோதித்து மதிப்பெண் போடுகிற, அரை மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. இரண்டு வாரத்துக்குள் குறைந்தது ஐந்து தடவையாவது இதைச் செய்தால்தான் முடிவை நம்பலாம் என்கிறது பின்னால் வந்த ஆய்வு. ஏனென்றால் இந்த நோயாளிகளின் விழிப்பு காலையில் இருக்கும், மாலையில் இருக்காது.

அந்தச் சோதனையில் முக்கியமான கருவி, கையடக்கமான ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. நோயாளியின் முகத்துக்கு நேரே பிடித்து, மெல்ல இடமும் வலமும் நகர்த்துவார்கள். பேனாவையோ டாக்டரின் முகத்தையோ தொடராத கண்கள், கண்ணாடியில் தெரிகிற தன் முகத்தைத் தொடர்ந்து போவதை லியேஜ் குழு பதிவு செய்திருக்கிறது. கண் தொடர்வதுதான் பலருக்கு உணர்வு திரும்புவதன் முதல் அடையாளம். பேனாவை மட்டும் ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனால் அது தவறிப்போகும்.

சாலை விபத்துகளில் முன்வரிசையில் நிற்கிற தமிழ்நாட்டுக்கு இது தூரத்து விஞ்ஞானம் இல்லை. ஐ.சி.யூ.விலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, மூக்கில் டியூபும் முதுகில் படுக்கைப் புண்ணுமாக வருடக்கணக்கில் பார்த்துக்கொள்வது குடும்பம்தான். எந்த நேரத்தில் விழிப்பு அதிகம், யார் குரலுக்குக் கண் அசைகிறது என்பதை நேரத்தோடு எழுதிவைத்து, போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டலாம். அமன்டடின் என்ற பழைய மாத்திரை, தலைக்காய நோயாளிகள் தேறும் வேகத்தைக் கூட்டுவதாக 184 பேரிடம் நடந்த ஆய்வு 2012ல் காட்டியது. அது பொருந்துமா என்று நரம்பியல் டாக்டரிடம் கேட்கலாம்.

அதேசமயம் பொய் நம்பிக்கை கொடுப்பதும் கொடுமைதான். அமெரிக்காவில் 2005ல் இறந்த டெர்ரி ஷியாவோவின் வழக்கில், அவருக்கு உணர்வு இருக்கிறது என்று பெற்றோர் கடைசி வரை போராடினார்கள். பிரேதப் பரிசோதனையில் மூளையின் எடை இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. அவரைப் போல மூளைக்கு ஆக்சிஜன் தடைபட்டு இந்த நிலைக்கு வந்தவர்கள் தேறும் வாய்ப்பு, அடிபட்டவர்களைவிடக் குறைவு.

இப்படிப்பட்டவர்களுக்குச் சிகிச்சையை நிறுத்தலாமா என்ற கேள்வியை நம் நாட்டில் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தது மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக்கின் வழக்கு. 1973ல் கழுத்து நெரிக்கப்பட்டு மூளை பாதித்த அவரை, 2015ல் இறக்கும் வரை சக நர்ஸ்களே பார்த்துக்கொண்டார்கள். அவரது விஷயத்தில் 2011ல் உச்ச நீதிமன்றம் அனுமதி மறுத்தாலும், உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதற்கான கதவை அதே தீர்ப்புதான் திறந்தது. 2018ல் அரசியல் சாசன அமர்வு அதை உறுதிசெய்தது. 2023ல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

அந்தக் குழுக்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன், நோயாளியை எத்தனை நாளில் எத்தனை முறை சோதித்தார்கள், கண்ணாடி வைத்துப் பார்த்தார்களா, சந்தேகம் இருந்தால் இ.இ.ஜி. அல்லது ஸ்கேன் செய்தார்களா என்பதையும் ஃபைலில் எழுதும் வழக்கம் வர வேண்டும். அமெரிக்க, ஐரோப்பிய நரம்பியல் அமைப்புகளின் வழிகாட்டுதல்கள் 2018 முதல் இந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கின்றன. சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பது குடும்பம் எடுக்க வேண்டிய மிகக் கடினமான முடிவு. நோயாளியிடம் ஒழுங்காகக் கேட்டுப் பார்க்காமலே அந்தப் பாரத்தைக் குடும்பத்தின் தலையில் வைக்கிற உரிமை மருத்துவத்துக்குக் கிடையாது.